மொட்டை மலையின் தண்ணீர்

ஜூன் 11, புதன்
மாதவ் இன்று மறுபடி மலைக்குக் கிளம்பிவிட்டார். ஓடையில் வைத்திருக்கும் நீர்மட்டக் கருவிகளைச் சரிபார்க்க வேண்டுமாம். வண்டி ஓட்டுவது வழக்கம்போல வெயிலுமுத்து, தாராவிக்காரர். எனக்கோ ஐரோலி ஆபீஸில் அதே ஓடையின் எண்களைத் திரையில் பார்க்கிற வேலை. புருஷன் காட்டில், பெண்டாட்டி கம்ப்யூட்டரில். நல்ல சம்சாரம்!

ஜூன் 12
மாதவ் போனில் சொன்னார்: "மேல் சரிவுல தேக்கு முழுக்க வெட்டி ஏத்திண்டு போயாச்சு. மொட்டையா நிக்கறது, பத்மஜா."

ஜூன் 16
தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ?

மதியம் மலை உச்சியில் மழை கொட்டியது. அங்கே பெய்தால் கீழே தரைப்பாலத்துக்கு வெள்ளம் வர இரண்டு மணி நேரம் ஆகும், எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை நம்பித்தான் இவர் பாலத்தைத் தாண்டப் போனார். ஆனால் அது மரம் இருந்தபோது போட்ட கணக்கு! இப்போது மழையைத் தாங்க இலை இல்லை, உறிஞ்சச் சருகு இல்லை. லாரி போன தடமெல்லாம் இறுகிக் கிடக்கும். திரையில் ஓடை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

போன் போட்டேன். "இறங்காதேங்கோ, இப்பவே வந்துடும்!"

சிரித்தார். "நோக்கு எப்பப் பாரு பயம். நேரம் நிறைய இருக்கு. " உடனே டிரைவரிடம், "நீ வண்டிய எடுப்பா."

ஸ்பீக்கரில் வெயிலுமுத்துவின் குரல்: "அக்கா மெஷினப் பாத்துல்லா சொல்லுதாவ, ஸார். நான் எறக்க மாட்டேன்."

"எடுன்னா எடு!"

"வேணும்னா நாளைக்கே வேலைய விட்டுத் தூக்கிருங்க."

லைன் போய்விட்டது. சாயங்காலம்தான் இவர் போனில் சொன்னார்: அரை மணிக்குள் பாலம் முங்கிப்போனதைக் கரையில் நின்று இரண்டு பேருமாகப் பார்த்திருக்கிறார்கள். பகவானே — அந்த மனுஷன் நன்றாயிருக்க வேண்டும்.

ஜூன் 17
வந்துவிட்டார். குளித்தார், மோர்சாதம் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இது போதும்.

ஜூன் 27
மரம் வெட்டுகிறவர்களோடு மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. அடுத்த சரிவை ஒரேயடியாக வெட்டாமல் வருஷத்துக்குக் கொஞ்சமாக, ஓடைக்கரை மரங்களைத் தொடாமல் வெட்டச் சம்மதித்துவிட்டார்கள். வாதாடியது மாதவ்தான். "இவ சொன்னா, நான் கேக்கலை. எங்க டிரைவர் கேட்டார். அதான் இங்க நிக்கறேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாட்டுங்காவில் வீட்டுக்குக் கீழே எங்களை இறக்கிவிட்டு வெயிலுமுத்து வண்டியிலேயே இருந்தார். மூன்று வருஷமாக அவருக்குக் காபி கீழே வண்டிக்குத்தான் போகும். இன்று மாதவ் அவரைக் கையைப் பிடித்து மேலே அழைத்து வந்தார். வாசலில் தயங்கி நின்றவரை "உள்ளே வாங்கோ" என்றேன். சாப்பாட்டு மேஜையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் உட்கார்ந்த பிறகுதான் மாதவ் உட்கார்ந்தார்.