மதினி, நாம் போட்ட தரை

மதினி,

இன்று காலை பக்கத்து வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கல் சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினார்கள். புஸ்ஸென்று அது கொதித்து எழுந்த சத்தமும் காரநெடியும் சுவரைத் தாண்டி வந்தன. வாசல் தெளிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நம் முற்றத்தில் குனிந்து நிற்பதுபோல் இருந்தது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் திருத்தங்கல் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நான் அப்போது பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெடிமருந்து தீப்பிடித்தது. உயிர் பிழைத்தேன், வலது முழங்கால் மட்டும் மடங்காமல் இறுகிப்போனது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு வந்தவளுக்கு நம் வீட்டுத் தரையே எதிரியாக இருந்தது. பெருச்சாளி குடைந்து, மழைத்தண்ணீர் இறங்கி, கூடம் முழுக்கப் பள்ளமும் பொக்கையுமாகக் கிடந்தது. நல்ல காலுள்ளவர்களே பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் கம்பு பள்ளத்துக்குள் போய்க் குப்புற விழுந்தேன். அம்மா ஓடிவந்து தூக்கினாள். "இனிமே நான் எந்திரிக்க மாட்டேன். தவந்தே போயிக்கிறேன், என்னைய விட்டுருங்க" என்று கத்தினேன். சொன்னபடியே ஊன்றுகோலைத் தொடாமல் பாயில் கிடந்தேன். சாப்பாட்டுக்குக்கூட இழுத்துக்கொண்டுதான் வந்தேன்.

தரையை மாற்றலாம் என்று நீங்கள் கேட்டபோது, "சீசன் முடியட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் லாரியில் வடக்கே லோடு ஏற்றிப் போய்விட்டது. மறுநாள் கடப்பாரைச் சத்தம் கேட்டுக் கண்விழித்தேன். நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தின் மூலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அம்மா பதறினாள். "ஏத்தா, நடுவீட்டைப் பொம்பள இடிச்சா குடும்பம் வெளங்குமா?"

"விழுந்து விழுந்து எந்திரிக்கிற வீடு மட்டும் வெளங்குமா அத்தே? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்."

எனக்கோ ஆத்திரம். "என்னைய நொண்டின்னு ஊருக்குக் காட்டவா இம்புட்டும் செய்யிறீக?" என்று கேட்டேன்.

நீங்கள் நிமிரக்கூட இல்லை. "ஒனக்குன்னு யாரு சொன்னா? எனக்குந்தான் தண்ணிக்கொடத்தோட தடுக்குது."

சிமெண்டுக்குப் பெர்மிட் கேட்டு அலைய வேண்டிய காலம் அது. நீங்கள் கல் சுடுகிற காளவாசலிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்தீர்கள். இடிந்த சுவர்ச் செங்கலைச் சில்லுச் சில்லாக உடைத்துப் பரப்பினீர்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றிச் சாந்து குழைத்தீர்கள். கட்டையால் அடித்து அடித்து இறுக்கும்போது உங்கள் வளையல்கள் உடைந்தன. மிச்சத்தையும் கழற்றி மாடக்குழியில் வைத்துவிட்டு அடித்தீர்கள். அப்படிப் போட்ட முதல் மூலை இரண்டே நாளில் வெடித்துப் பிளந்துவிட்டது.

அன்றைக்குத்தான் நீங்கள் சோர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். விரலெல்லாம் சுண்ணாம்பு தின்று தோல் உரிந்திருந்தது. வெந்த தோல் எப்படி எரியும் என்று அந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு, தரையோடு தரையாக நகர்ந்து வந்து, உங்கள் விரல்களில் தடவினேன். அதுவரை எல்லாரும் என் புண்ணுக்குத்தான் மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வழியே போன கொத்தனார் எட்டிப்பார்த்துச் சிரித்தார். சிரித்தாலும், "வெக்கையில காய விட்டா வெடிக்கத்தான் செய்யும். ஈரச்சாக்கைப் போட்டு மூடுங்கத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி பெயர்த்தீர்கள். மறுபடி போட்டீர்கள். இந்தத் தடவை நிலைத்தது. அப்படியே மூலை மூலையாகக் கூடம் முழுக்கப் போட்டு முடித்தீர்கள்.

அதன்மேல் சுண்ணாம்பை மெழுகிக் கூழாங்கல்லால் இழைக்க வேண்டும். குனிந்து குனிந்து உங்களுக்கு இடுப்பு விட்டுப்போனது. "ஏ புள்ள, நீதான் உக்காந்தே நகருறியே. வந்து இழை" என்று கல்லை என் பக்கம் உருட்டினீர்கள்.

சுருக்கென்றது. என் முடத்தை அப்படி மூஞ்சிக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அம்மா விசும்பத் தொடங்கிவிட்டாள். ஆனால் கல்லை எடுத்து இழைத்துப் பார்த்தேன். காலை நீட்டிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து இழைப்பதற்கு என் உடம்பு தோதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் பாதிக் கூடம் பளபளத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மதினி. தீப்பிடித்த நாளுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

சுவரோரம் ஒரு முழ அகலத்தை மட்டும் நீங்கள் இழைக்க விடவில்லை. ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றுக் குச்சியால் குறுக்கே கோடு கோடாகக் கீறினீர்கள். பார்க்க வந்தவர்கள், "நல்ல தரையை ஏன் இப்பிடிக் கெடுத்துட்டீக?" என்று கேட்டார்கள். கம்பு வழுக்காமல் இருக்க என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சாக்கை எடுத்த நாள் சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊன்றுகோலை நானாகத்தான் எடுத்தேன். சுவரைத் தொட்டபடி கோடுகளின்மேல் ஊன்றி, கூடத்தைக் கடந்து கொல்லைவாசல் வரை போனேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீங்கள் அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டினீர்கள். சபாஷ் என்பீர்கள் என்று நினைத்தேன்.

"அம்புட்டுத் தூரம் போனவ சும்மாவா வருவ? கொடியில கெடக்குற துணியத் தோள்ல போட்டு எடுத்துட்டு வா. மழை வருது."

எடுத்து வந்தேன். அம்மா கையை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. நானே மடித்து வைத்தேன்.

பிறகு எத்தனையோ வருஷம் அச்சாபீசில் காலண்டர் மடித்தேன். பஸ் ஏறி இறங்கினேன். உங்கள் பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்தேன். என்னைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. வேலை ஏவிய உங்கள் குரல் மட்டும் இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகும், யாராவது என்னிடம் "இதை எடுத்துட்டு வாரீகளா?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டால், அன்றைக்கெல்லாம் எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.