மார்க் குறைந்ததற்குக் காரணம்

மரக்காணம்
ஜூன் 22, ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜான்சிக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, கை கால் சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது.

காலையில் நீ மில் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தபோது கிடைத்ததே பத்து நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் என் காலைப் பற்றியே பேசினாய். நான் காலேஜ் பேச்சை எடுத்ததும், “உன் கால் சரியாவாம நான் எங்கயும் வர மாட்டேம்மா, காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டாய். பிடிவாதத்தில் நீ அப்படியே உன் அப்பா. அவரும் இப்படித்தான் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் போவார். போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது. காலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் காலேஜ் விஷயத்தை முழுசாகக் கேள்.

வியாழக்கிழமை பிரவுசிங் சென்டர் பிரியங்கா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டாள். உனக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்தவள் அவள்தானே. நுழைவுத் தேர்வில் நீ முந்நூற்றுக்கு இருநூற்று நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறாயாம். பாஸா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். “ஆன்ட்டி, இந்த கடை தொறந்த நாளா இப்படி ஒரு மார்க்க நான் பார்த்ததே இல்ல” என்றாள். கடையில் இருந்தவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிளஸ் டூவில் நீ அறுநூற்றுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. அந்தத் தாளை நீ மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்த மார்க்கைப் பார்த்து மூன்று காலேஜ் உன்னை வேண்டாம் என்றது. இந்தச் சென்னை காலேஜில் நுழைவுத் தேர்வைத்தான் பார்க்கிறார்கள். பி.எஸ்சி. கணக்குப் படிப்புக்கு உன்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூலை 4, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அன்றைக்குப் போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி கூப்பிட மாட்டார்கள். ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாதே, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் சலுகை உண்டாம்.

ஒரே ஒரு சங்கடம். பள்ளிக்கூட மார்க் இவ்வளவு குறைவு, நுழைவுத் தேர்வு மார்க் இவ்வளவு அதிகம், இரண்டும் ஒரே பிள்ளை வாங்கியதா என்று அவர்களுக்குச் சந்தேகம். மார்க் குறைந்ததற்குக் காரணத்தைப் பெற்றவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது. பிரியங்கா சுலபமாகச் சொல்லிவிட்டாள். “டைஃபாய்டுன்னு எழுதுங்க ஆன்ட்டி, டாக்டர் சர்டிஃபிகேட் நான் வாங்கித் தர்றேன், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.” என் பிள்ளைக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை, வராத நோயை நான் ஏன் எழுத வேண்டும் என்று அவளிடம் கோபப்பட்டேன். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னாள். இரண்டு வெள்ளைத் தாள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டாவது வரை படித்தவள் காலேஜுக்குக் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும், நீயே சொல். இரண்டு தாளையும் எழுதிக் கிழித்தேன். பிறகு உன் பழைய நோட்டிலிருந்து தாள் எடுத்தேன்.

உப்பளம் என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? அதனால் முதலிலிருந்து எழுதினேன். எங்கள் ஊரில் உப்புச் சுமக்கப் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் போவோம், கூடையை ஒருத்தி தலையில் இன்னொருத்தி தூக்கி வைக்க வேண்டும், ஜோடி வராவிட்டால் ஒற்றை ஆளை மேஸ்திரி வேலைக்கு எடுக்க மாட்டார் என்று எழுதினேன். ஜனவரியில் உப்புப் பாத்தியில் கிடந்த கண்ணாடிச் சில் என் குதிகாலைக் கிழித்துத் தையல் போட்டதையும், என் ஜோடி செல்லம்மாள் வேலையில்லாமல் நிற்கக் கூடாது என்று என் மகள் என் இடத்தில் இறங்கியதையும் எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போனாள், பாதி நாள் போகவில்லை. பரீட்சை அன்றும் விடியற்காலையில் உப்புச் சுமந்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். உப்பு அறுத்த விரலில் பேனா நிற்காது. பதில் தெரிந்தும் பக்கம் பக்கமாக எழுதாமல் விட்டுவிட்டு வந்தாள். மே மாதம் நடந்த நுழைவுத் தேர்வு கம்ப்யூட்டரில். அங்கே பேனா பிடிக்க வேண்டியதில்லை, மவுஸை அமுக்கினால் போதும். என் பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் மார்க் குறையவில்லை ஐயா, அவள் கை அப்படி இருந்தது என்று எழுதினேன்.

இது வரைக்கும் நன்றாகத்தான் வந்தது ஜான்சி. தாய்க்குக் கால் எப்போது ஆறியது என்று அந்தக் காலேஜ்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

நீ ஞாயிறு தவறாமல் கேட்பதும் அதைத்தானே. இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து படி.

உன் பரீட்சை தொடங்கிய வாரம் சாம்பல் புதன் வந்தது. நீ பரீட்சை ஹாலில் இருந்தாய். நான் கோயிலுக்கு நடந்து போனேன், நடந்தே திரும்பினேன். வலிக்கவில்லை. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காலில் மறுபடி துணியைச் சுற்றிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். நான் வயசுக்கு வருவதற்கு முன்பே உப்பில் இறங்கியவள். உன்னைப் பெற்ற பிறகு முப்பதாம் நாளே இறங்கினேன். கால் கிழிந்த பிறகுதான் விடிந்த பிறகும் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. சாயங்காலம் நீ வந்து, உன் கையே வெடித்துக் கிடக்க, வெந்நீர் வைத்து என் காலைக் கழுவிவிடுவாய். என்னைப் பெற்றவள்கூட என் காலைத் தொட்டதில்லை. இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று இருந்துவிட்டேன். அந்த இரண்டு நாளில் உன் பரீட்சை முடிந்துபோயிற்று.

செல்லம்மாளுக்குத் தெரியும். ஒருநாள் நான் தண்ணீர்க் குடம் தூக்கி நடப்பதைப் பார்த்துவிட்டாள். “ஏண்டி செல்வி, புள்ள கையப் பாத்தியா, பாத்துட்டுமா உனுக்கு சோறு எறங்குது” என்று கேட்டாள். நான் குடத்தை இறக்காமலே நடந்துவிட்டேன். மார்க் வந்த அன்று சொல்லியிருக்கலாம். அம்மா இனிமேல் உப்பில் இறங்கக் கூடாது என்று நீ திருப்பூர் மில்லுக்குப் பஸ் ஏறியபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் உன் முன்னால் நொண்டிக் காட்டினேன். நீ போன மறுநாளே செல்லம்மாளோடு வேலைக்குப் போய்விட்டேன். இன்று வரை போய்க்கொண்டிருக்கிறேன். ஆறாத கால் என்று நினைத்து நீ அங்கே பஞ்சுத் தூசியில் நிற்கிறாய்.

காலேஜ் கடிதத்தில் இதையும் எழுதிவிட்டேன். மார்க் குறைந்ததற்குக் காரணம் என் மகள் அல்ல, நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். உனக்கு இடம் கொடுத்தால் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வார்டனிடம் லீவு கேள். கொடுக்காவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. ஜூலை 3, வியாழக்கிழமை ராத்திரி சேலம் வழியாகச் சென்னைக்குப் போகும் பஸ்ஸில் ஏறு. நம் ஊருக்கு வராதே. வந்தால் செல்லம்மாளுக்குத் துணை, மேஸ்திரிக்கு ஆள் என்று ஏதாவது சொல்லி மறுபடி அந்தப் பாத்தியில் இறங்கிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். திண்டிவனத்தில் சென்னை பஸ் நிற்கும் இடத்தில் நான் நிற்பேன். அரிசி டின்னுக்கு அடியில் இருந்த மார்க் ஷீட், டி.சி., காலேஜுக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் தூங்கிவிடாதே.

நீ நன்றாக இருப்பாய். சகாய மாதா உன் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கையில் இனி பேனா மட்டும்தான் இருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு நீ இறங்க வேண்டாம். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம், பேசவும் வேண்டாம். ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டிப் பையை வாங்கிக்கொள். நான் நன்றாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

உன் அம்மா,
சகாயசெல்வி