எஸ்தரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி

என் அன்பு எஸ்தர்,

உன் முதலாண்டு நினைவுநாளுக்கு முசரவாக்கம் பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டியிருக்கிறார்கள். சிவப்புத் துப்பட்டாவோடு நீ சிரிக்கும் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் ‘முனைவர் எஸ்தர்’. தினமும் என் பஸ் அதைத் தாண்டித்தான் போகிறது.

பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். உன் தம்பி தாவீது ஷேர் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, “டாக்டரம்மா வந்துக்கினு இருக்காங்க, வழி விடுங்கபா!” என்று கத்துவானே. “வைவா முடியட்டும், அப்புறம் கூவுடா” என்பாய்.

வைவா முடியவில்லை; அந்த வாய்மொழித் தேர்வு நடக்கவே இல்லை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. இப்போதுதான் தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்திருக்கின்றன. ஒருவர் முழு மனதோடு பரிந்துரைத்துவிட்டார். இன்னொருவர் நிறையப் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைகளை ஒட்டிய கிணறுகளில் கோடையில் மட்டும் தண்ணீர் எடுத்திருக்கிறாயே, மழைக்காலத்தில் ஏன் எடுக்கவில்லை?

ஏன் எடுக்கவில்லை எஸ்தர்? ஒரே ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் இருந்தவள் நான். எனக்கே தெரியவில்லை.

இறந்துபோனவருக்கு வைவா வேண்டாம், கேள்விக்குப் பதில் மட்டும் சேர்த்துக் கொடுத்தால் குழு பார்த்துப் பட்டம் தரும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். நம் நெறியாளர் மேடம் என்னைக் கூப்பிட்டார். “மழையில பாதை முழுகிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடும்மா. பட்டம் அவ வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.” சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அவரைக் கெட்டவராக நினைக்காதே.

ஆனால் பிள்ளையார்பாளையத்தில் எந்தக் கிணற்றுக்குப் போகிற பாதை முழுகும்? பாதிக் கிணறுகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

அந்த வரியை எழுத உட்கார்ந்தபோது நம் சேர்க்கை நேர்காணல் நினைவுக்கு வந்தது. நீ படித்தது தொழில்சார் வேதியியல். அது வேதியியலுக்கு இணைதான் என்று ஒரு சான்றிதழ் வாங்க அலைந்து, கறுத்துப்போய் வந்திருந்தாய். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாய். சாதிச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உனக்கு எப்படியும் சீட் உண்டும்மா, நீ போகலாம்” என்றார்களாம்.

சீட் கிடைத்ததற்கு நீ சந்தோஷப்படவே இல்லை. “ஒரு கேள்வி கேக்கலடி. எவ்ளோ படிச்சிக்கினு போனேன்! கேட்டாத்தானே எனக்கு வருமா வராதான்னு தெரியும்?”

இப்போது ஒருவர் கேட்டிருக்கிறார். உன்னை யாரென்று பார்க்காமல், உன் வேலையை மட்டும் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அதற்கு நான் ஒரு பொய்யைப் பதிலாக வைக்கவா?

‘மழைக்கால மாதிரிகள் இல்லாதது இந்த ஆய்வின் குறை. காரணத்தை ஆய்வாளரே அறிவார். அவர் இன்று இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “குறைன்னு நீயே எழுதித் தர்றியே. பட்டம் நின்னுட்டா அவங்கம்மாவுக்கு நீ பதில் சொல்லுவியா?” பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். குழு இன்னும் கூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா கோயிலுக்குப் போய் வந்த புடவையை இன்னும் மாற்றவில்லை. “நின்னுடுமா பாப்பா?” என்றார். “தெரியலம்மா” என்றேன். எனக்கு வேறு என்ன தெரியும்? அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “இவன் வேற பேனர்ல போட்டுட்டானே. ஊரே பார்த்துச்சே.”

“அவ இருந்திருந்தா மேல ஏறிக் கிழிச்சிருப்பா” என்றான் தாவீது. அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ‘முனைவர்’ மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பசை வழிந்து உன் பெயர் வரை வந்திருந்தது. தாவீது போனில் சொன்னான்: “சும்மா ஒட்டிதான்க்கா வெச்சிருக்கேன். வந்துச்சுன்னா பிச்சிடலாம்.”

இங்கே வேறு சேதி என்ன? முதுகலைப் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஆய்வேடு இனி விருப்பம் இருந்தால் மட்டும். இல்லையென்றால் இரண்டு தாள் எழுதினால் போதும். அநேகமாக எல்லோரும் தாள்களையே எடுக்கிறார்கள். அவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. உன் மேசையில் இப்போது யாரோ ஒரு பெண் உட்கார்கிறாள். பைகளை மட்டும் வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுகிறாள்.

களைத்துவிட்டேன் எஸ்தர். ஆனாலும் ஒன்று செய்வேன். ஐப்பசி மழை பிடித்ததும் உன் கிணறுகளுக்குப் போவேன். நீ போன அதே வீடுகள், அதே வரிசை. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்த்து என் பெயரில் எழுதுவேன்; உன் ஆய்வேட்டில் ஒரு சொல்லையும் சேர்க்க மாட்டேன். நீ கண்டது தவறு என்றே வந்தாலும், அதை முதலில் உன்னிடம்தான் சொல்வேன்.

தாவீதுக்கு இப்போது மிச்சமிருக்கும் அக்கா,
கோமதி