காலை ஏழு மணி மருந்து

அன்புள்ள உனக்கு,

பயிற்சி நன்றாகப் போகிறது என்று எழுதியிருந்தாய். இங்கும் எல்லாரும் நலம்தான். நம் வாலு குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்த இரண்டு மாதத்தில் சளி ஆறு முறை, காய்ச்சல் ஐந்து முறை, கண்வலி ஒரு முறை. "புதுசா சேர்ற குழந்தைங்களுக்கு வரத்தான் செய்யும், போகப்போகத் தேறிடுவா" என்கிறார் டாக்டர். அச்சகத்தில் முதலாளிதான், "காய்ச்சலுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்றார். என் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது.

மூன்றாவது காய்ச்சல் வந்த அன்று, காய்ச்சலோடு வந்தால் சேர்க்கமாட்டார்கள் என்று, காலை ஏழு மணிக்கு ஷூவை மாட்டி, காய்ச்சல் மருந்தை வாயில் ஊற்றி, கொண்டுபோய் விட்டுவிட்டேன். பதினோரு மணிக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தது. போய் நின்றேன். ஆயாம்மா குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பதினோரு மணிக்கு ஏறுற காய்ச்சல்னா, காலையில மருந்து குடிச்ச காய்ச்சல்தான் சார். எத்தனை வருஷமா பார்க்கிறேன்."

அதற்குப் பிறகும் சில காலைகள் அப்படியே செய்தேன்.

இன்று அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மருந்துப் பாட்டிலை நான் தொடவே இல்லை. வாசலில் உட்காரவைத்து ஷூவை மாட்டினேன். மாட்டி முடித்ததும் அண்ணாந்து, வாயை 'ஆ' என்று திறந்துகொண்டு காத்திருந்தாள்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா