நியூ ஷாங்காயின் மூன்றாவது மேசை

12 ஜூன் 1986, வியாழன்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது புதியது, அதனால் கையெழுத்து நன்றாக வருகிறது.

இன்று நான்கு கோசு நறுக்கினேன். விரலெல்லாம் இன்னும் பச்சையாக மணக்கிறது. சர்தார் அண்ணன் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "முடி மாதிரி இருக்குது பாப்பா. இப்படி நறுக்க எனக்கு பெங்களூர்ல ஒரு வருசம் ஆச்சு" என்றார். யாராவது பாராட்டினால் எனக்குக் காது சுடும்.

பதினோரு வருடம் ஒரு சீனாக்காரர் ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டுத் தை மாதம்தான் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்குத் திரும்பி வந்தார். வந்ததும் முன்னறையை இடித்துக் கடையாக்கினார். சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து: நியூ ஷாங்காய், சைனீஸ், பார்சல் கிடைக்கும். உள்ளே மூன்று மேசை. ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பிரைட் ரைஸைப் பார்சல் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவருடைய மனைவி ஹசீனா அக்காவுக்கு இது ஆறாவது மாதம். அதனால்தான் காய் நறுக்க என்னைக் கேட்டார்கள். அம்மா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். கொல்லைப்புறமாகப் போய், கொல்லையில் உட்கார்ந்து நறுக்கி, கொல்லைப்புறமாகவே வந்துவிட வேண்டும். முன்பக்கம் தலை காட்டக்கூடாது.

கொல்லையில் உட்கார்ந்தால் கதவிடுக்கில் மூன்றாவது மேசை மட்டும் தெரிகிறது. ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்து, தட்டில் வைத்து, சாப்பிட வேண்டும்.

என்ன ஆசை இது? எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பக்கத்திலிருக்கிற பென்னாகரத்துக்குப் போனால்கூட அம்மா கட்டுச்சோறு கட்டிக்கொள்வாள்.

15 ஜூன், ஞாயிறு

இன்று கதவு முழுதாகத் திறந்திருந்தது. பார்த்துவிட்டேன்.

சர்தார் அண்ணன் பம்ப் அடுப்பைத் திருகினார். தொப்பூர் மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி அது உறுமியது. வாணலியை லேசாகச் சாய்த்தார். தீ உள்ளே தாவியது. பாத்திரத்துக்கு அடியில் இருக்க வேண்டிய தீ பாத்திரத்துக்குள் எழுந்து நின்று ஆடியது! சோறு, முட்டை, நான் நறுக்கிய கோசு எல்லாம் அந்தத் தீ வழியாக அவர் தலைக்கு மேல் போயின. எல்லாம் திரும்பி வந்தன. ஒரு பருக்கைகூடக் கீழே விழவில்லை.

கத்தி என் கையிலேயே இருந்தது. நான் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஹசீனா அக்கா தோளைத் தட்டி, "ஏய் தீர்த்தா, வாய்க்குள்ள ஈ போயிடும்" என்றாள்.

17 ஜூன்

அந்தத் தீயோடு அவர் பயந்துகொண்டே வேலை செய்கிறாரா, பயமே இல்லையா? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

இன்று சாப்பிட்டேன்! பார்சல்தான். ஹசீனா அக்கா வாழை இலையில் கட்டி, எங்கள் கொல்லைச் சுவருக்கு மேலாக நீட்டினாள். "உங்கம்மா வர்றதுக்குள்ள தின்னுடு."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக இருந்தது. முதலில் உப்பு, பிறகு மெல்லப் புளிப்பு. அது புளியின் புளிப்பு இல்லை. அப்பா புளி மண்டியில் வேலை செய்கிறார், அவர் சட்டை முதல் எங்கள் பாய் வரை புளி மணக்கும், அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அடியில் ஒரு புகை வாசம் இருந்தது. அன்று பார்த்த தீ இதற்குள் இருக்கிறது என்று நினைத்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்! ஆனால் அப்படித்தான் இருந்தது.

எங்கேயோ, நான் ஜென்மத்தில் பார்க்கப்போகாத ஊரில், கோசை இப்படி நறுக்கி இப்படித் தீயில் எறிந்தால் இப்படி ருசிக்கும் என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அது அத்தனை தூரம் தாண்டி இந்தத் துவைக்கிற கல் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆறிப்போயிருந்தது. அதுதான் குறை. வாணலியிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்?

அம்மா இலையைக் கண்டுபிடித்துவிட்டாள். "சீனாவுல பாம்பு, தவளையெல்லாம் திம்பாங்களாம். அந்த நூடுல்ஸ நீ பாத்திருக்கியா? மண்புழுன்னு சொல்றா தங்கம்மா" என்றாள். தங்கம்மாள் அக்கா எதிர் வீடு. கடைப்பக்கம் அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

2 ஜூலை, புதன்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சர்தார் அண்ணன் சாஸ் பாட்டில் வாங்க விடியற்காலை பஸ்ஸில் பெங்களூர் போனார். சாயங்காலம் பாங்கிலிருந்து ஆறு பேர் நூடுல்ஸ் சாப்பிட வருவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மாற்றலாகிப் போகிற ஒருவருக்கு விருந்து. நூடுல்ஸை எப்போதும் ஹசீனா அக்காதான் வேகவைப்பாள். இன்று அவளுக்குக் காய்ச்சல். படுத்தபடியே, "ஆறு பாக்கெட் வேக வச்சு, எண்ண தடவி, கட்டில்ல துணி விரிச்சுப் பரப்பிடு" என்றாள்.

பாக்கெட்டைப் பிரித்தால் முழ நீளக் குச்சிகள். பானைக்குள் நுழையவில்லை. சேமியாவை உடைக்காமல் யார் பானையில் போடுவார்கள்? அம்மா உடைப்பாள், எல்லோரும் உடைப்பார்கள். நானும் உடைத்தேன். அதுவும் அக்கறையாக, எல்லாம் ஒரே அளவாக, விரல்கணு நீளத்துக்கு. ஆறு பாக்கெட்டும். பரப்பி வைத்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்தேன்.

சர்தார் அண்ணன் வரும்போது அந்த ஆறு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் அவசரமாக வந்து துணியைத் தூக்கினார். அப்படியே நின்றார்.

"ஹசீனா… இத யாரு உடைச்சது?"

"யா அல்லா! காய்ச்சல்ல நான் பாக்கலீங்க."

"உடைக்காம எப்படீங்க…" என்று தொடங்கினேன். மேலே வரவில்லை.

ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன பாய், எங்க நூடுல்ஸ எலி கடிச்சிருச்சா?"

"எலி தாவணி போடுமா சார்?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சர்தார் அண்ணன் பிரைட் ரைஸ் தருகிறேன் என்றார். நூடுல்ஸ் என்றுதானே சொன்னோம் என்றார்கள். மன்னிப்புக் கேட்டார், ஒரு முறை இல்லை, மூன்று முறை. போய்விட்டார்கள். மூன்று மேசையும் காலி. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாமே. அய்யோ, திட்டியிருக்கலாமே!

3 ஜூலை

வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.

4 ஜூலை

இன்றும்.

7 ஜூலை, திங்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் அவரே நறுக்குகிற சத்தம் கேட்கிறது. டொக்… டொக்… மெதுவாக, பெரிது பெரிதாக. காதைப் பொத்திக்கொண்டேன்.

எட்டாவதில் இப்படித்தான் நடந்தது. எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நாக்கு எழவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்று வலி என்றேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். அப்புறம் யாரும் போ என்று சொல்லவில்லை, நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

9 ஜூலை, புதன்

ஹசீனா அக்கா கொல்லைச் சுவரோரம் வந்து கூப்பிட்டாள். காய்ச்சல் போய்விட்டதாம். "நீ உடைச்சதெல்லாம் என்னாச்சு தெரியுமா? பாலும் சக்கரையும் ஊத்திக் காய்ச்சினேன். எண்ண வாசத்தோட மூணு நாள் நாங்களே தின்னோம். அவரு சொல்றாரு, இந்தப் பாப்பா நமக்கு மறுபடியும் ரம்ஜான் பாயசம் கொண்டாந்துடுச்சுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் போகவில்லை.

11 ஜூலை, வெள்ளி

அம்மா முதலில், "நல்லதாப் போச்சு, வூட்ல இரு" என்றாள். இன்று அரிசி புடைத்துக்கொண்டே முகம் பாராமல் சொன்னாள்: "பள்ளிக்கூடம் போன, பாதியில வந்த. தையலுக்குப் போன, பாதியில வந்த. இப்ப கோசு நறுக்கறதுலயும் பாதியா?"

அவள் போகச் சொல்லவில்லை. குத்திக் காட்டத்தான் சொன்னாள். ஆனால் அதில் ஒன்றுகூடப் பொய் இல்லையே.

13 ஜூலை, ஞாயிறு

போனேன். முன் வாசல் வழியாக.

காலையிலிருந்து பத்து முறை தலை வாரியிருப்பேன். அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். எங்கள் வாசலிலிருந்து கடை வாசலுக்கு இருபது அடி. எதிரில் தங்கம்மாள் அக்கா கோலப்பொடி டப்பாவோடு நின்று பார்த்தாள். படி ஏறினேன். மூன்று மேசையில் ஒன்று மட்டும் காலி, அதுவும் அந்த மூன்றாவதே. மற்ற இரண்டிலும் ஆண்கள்.

சர்தார் அண்ணன் நிமிர்ந்தார். "பின் கதவு தொறந்துதான இருக்குது பாப்பா?"

"சாப்பிட வந்தேனுங்க."

என் குரல்தான். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப உள்ள வா, அடுப்படியில உக்காந்து சாப்பிடு."

"இங்கயே உக்காந்துக்கறேங்க. நூடுல்ஸ் ஒண்ணு. காசு இருக்குதுங்க."

ஏன் அது நீளமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றும் சொல்ல நினைத்தேன். அதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அடுப்பு உறுமியது. தீ எழுந்தது. இந்த முறை எனக்காக!

தட்டு வந்தது. ஆவியில் முகம் நனைந்தது. பக்கத்தில் முள்கரண்டி. அதைக் கொண்டு ஒரு இழையைத் தூக்கினேன். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கையை மூக்கு வரை தூக்கியும் முடியவில்லை. வழுக்கித் தட்டிலேயே விழுந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தேன். சுட்டது. நுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன். மற்ற இழைகளுக்குள் நுழைந்து நுழைந்து, கோசும் மிளகாயும் புகையும் எல்லாவற்றையும் வழியெல்லாம் பூசிக்கொண்டு, அது ஒன்றே முழுதாக என்னிடம் வந்து சேர்ந்தது. உடைத்திருந்தால் இது எப்படி நடக்கும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாயால் இல்லை. இல்லை, மிளகாயும்தான்.

யாரோ பார்ப்பது தெரிந்தது. பக்கத்து மேசையில் வக்கீல் குமாஸ்தா பச்சியப்பன். ஞாயிறுதோறும் வருவார் என்று ஹசீனா அக்கா சொல்லியிருக்கிறாள். அவர் என் கையைப் பார்த்தார், தன் முள்கரண்டியைப் பார்த்தார். "பாய், இந்தக் கருமத்த எடுத்துக்கிட்டுப் போங்க. அஞ்சு மாசமா இதோட சண்ட போட்டுக்கிட்டிருக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கையை விட்டார். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சர்தார் அண்ணன் காசு வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "நாளைக்கு கோசு வருது" என்று மட்டும் சொன்னார்.

"சரிங்க."

14 ஜூலை

கோசு நான்கு, கேரட் இரண்டு கிலோ. கொல்லையில் உட்கார்ந்துதான் நறுக்கினேன். அம்மா பேசவில்லை. தங்கம்மாள் அக்கா சொல்லிவிட்டாள். "ஆம்பளைங்க நடுவுல, காலக் கீழ தொங்கப் போட்டு, கையால வழிச்சு வழிச்சுத் தின்னுது உம்பொண்ணு" என்றாளாம். எல்லாம் உண்மைதான்.

16 ஜூலை

இன்னும் பேசவில்லை. அப்பா மட்டும் காதோடு, "மண்புழு இல்லியே?" என்றார்.

17 ஜூலை, வியாழன்

குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சூடாக் குடுத்தாங்களா?" என்றாள்.

"வாய் வெந்துபோச்சும்மா."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள். சிரித்ததை நான் பார்க்கக்கூடாது என்று.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் முழுவதும் பஸ் ஸ்டாண்டில்தான். கடையில் நிற்க இடமில்லை. ஹசீனா அக்காவால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. காயை நானே அடுப்பருகில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் முட்டை உடைத்துக் கொடுத்தேன். அப்புறம் தட்டுகளையும் நானே மேசைக்குக் கொண்டுபோனேன். தீ எழும்பும்போதெல்லாம் முகத்தில் அனல் அடித்தது. ஒரு தடவைகூடப் பின்னால் நகரவில்லை.

மூன்று மணி இருக்கும். ஈரத்துணி மூட்டையோடு வாசலில் அம்மா. பின்னால் தங்கம்மாள் அக்கா. இருவருக்கும் நனைந்த தலை, பசித்த முகம்.

"பாய், உக்காரலாமுங்களா?" என்றாள் அம்மா.

சர்தார் அண்ணன் ஓடிவந்து மேசையைத் துடைத்தார். தங்கம்மாள் அக்கா தட்டில் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏ ஜானகி, இது அசையுதா பாரு" என்றாள். "நீ பேசாம இருந்தா அசையாது" என்றாள் அம்மா. இருவரும் கையால்தான் சாப்பிட்டார்கள். முதல் இழை முடிகிற வரைக்கும் அம்மா கண்ணை மூடியிருந்தாள். திறந்தபோது அடுப்படிப் பக்கம் பார்த்தாள். நான் தீயருகில் நின்றிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "நைலக்ஸ் தாவணியோட அந்த அடுப்புகிட்ட நிக்காத, பொசுக்குனு புடிச்சுக்கும். நாளைக்கு நூல் தாவணி ரெண்டு எடுக்கலாம்" என்றாள்.

எண்ணெய்க் கறை தெரியாத நிறமாக எடுக்கச் சொன்னேன்.