தலை என்று சொல்லியிருக்க வேண்டும்

1963 மார்ச் 4, திங்கள்

பகல் ஷிஃப்ட். மூன்றாவது கொதிகலன் அருகே நிற்கவே முடியவில்லை, அப்படி ஒரு வெக்கை. மதியம் ஃபோர்மேன் கூப்பிட்டார். விடுப்பு கிடைத்துவிட்டது, பத்து நாள், ஒன்பது பேருக்கும்! எங்கள் கால்பந்து அணியில் பாதிக்கு மேல் இந்த எண்ணெய் ஆலைக்காரர்கள்தான். “கோப்பையோட வா ஒனாரியோ. இல்லாட்டி கப்பல்லயே எங்கயாவது போயிடு,” என்றார். விமானத்தில் போகிறோம் என்றேன். “அப்போ குதிச்சிடு.”

மனைவி லுக்ரேசியாவிடம் சொன்னதும் முதலில் கேட்டது: “ஹோண்டுராஸ்ல குளிருமா?”

மார்ச் 10, ஞாயிறு

இங்கே நடந்த முதல் ஆட்டம் 1-1. ஹோண்டுராஸின் சான் பெத்ரோ சூலாக்காரர்கள் நாங்கள் நினைத்ததைவிட நல்ல ஆட்டக்காரர்கள். இருக்கட்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 21, வியாழன்

வந்து சேர்ந்தோம். விமானத்தில் கோல்கீப்பர் இகினியோ ஜெபமாலையை விடவே இல்லை. முப்பத்தாறு வயது அவனுக்கு. “தீவை விட்டு வெளிய வந்து ஆடுறது இதான் முதல் தடவை, இதான் கடைசியும்,” என்றான். என்னோடு ஆலையில் வேலை செய்யும் எத்செலுக்குப் பயமே கிடையாது. எங்கள் கோல்களில் பாதி அவன் காலில் பிறந்தவை. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் தான் பெரிய விளையாட்டு வீரன் என்று அளந்துகொண்டே வந்தான். அவள் ஒரு கன்னியாஸ்திரி என்பதைக் கடைசியில்தான் கவனித்தான்.

மார்ச் 24, ஞாயிறு

போட்டியிலிருந்து வெளியேறிவிட்டோம்.

மார்ச் 25, திங்கள்

தூங்கவில்லை. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் மட்டும்.

மறுபடியும் 1-1. கூடுதல் நேரம். அதில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. இகினியோ இடது பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்த பந்தை விடாமல் அப்படியே குப்புறக் கிடந்தான். போய்த் தூக்கினேன், வாயெல்லாம் புல். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது எத்செலுக்கு ஒரு பந்து கொடுத்தேன். முன்னால் யாருமே இல்லை, அவர்கள் கோல்கீப்பர்கூட விழுந்து கிடந்தான். எத்செல் மேலே அடித்துவிட்டான். கம்பத்துக்கு மேலே, எவ்வளவோ மேலே.

மூன்றாவது ஆட்டம் வைக்க நாள் இல்லை. விதிப்படி காசு சுண்ட வேண்டும். கேப்டன்கள் இருவரும் நடுவட்டத்துக்குப் போக வேண்டும். எங்கள் கேப்டன் நான்.

போகும் முன் எல்லோரும் வட்டமாக நின்றோம். இகினியோ என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “தலை சொல்லு. என்ன ஆனாலும் தலை. மீதியை மேல இருக்கிறவர் பாத்துப்பார்.” பதினொரு பேரும் சரி என்றோம். நானும்தான்.

போனேன். சத்தம் என்றால் சத்தம், காதே அடைத்துவிட்டது. மெக்சிகோக்கார நடுவர் காசைக் காட்டினார். கடைசி மூன்று டாஸிலும் தலை சொல்லித் தோற்றிருக்கிறேன் என்பது அப்போது பார்த்தா ஞாபகம் வர வேண்டும்? காசு மேலே போனது.

பூ என்றேன்.

தலை விழுந்தது.

திரும்பி நடந்தேன். நம் ஆட்கள் கோட்டருகே மண்டிபோட்டுக் கண்ணை மூடியிருந்தார்கள். “தலைன்னுதான் சொன்னேன். பூ விழுந்துடுச்சு,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் கேட்கக்கூட இல்லையே. இகினியோ என்னைக் கட்டிக்கொண்டான். நான் அழுதேன். உண்மையான அழுகைதான் அது. ஆனால் எதற்கு அழுதேன் என்று அவனுக்குத் தெரியாது.

மார்ச் 27, புதன்

விமான நிலையத்தில் கூட்டம், மேளம். “உங்க தப்பு இல்ல கேப்டன், அதிர்ஷ்டம் இல்ல.” எத்தனை கை என் முதுகைத் தட்டின! எத்செலின் முதுகை யாரும் தட்டவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

பயிற்சிக்கு எத்செல் வரவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 6, சனி

முடிவெட்டப் போனேன். எத்செல் நாற்காலியில் இருந்தான். பின்னால் பெஞ்சில் நான்கைந்து பேர். “டேய் எத்செல், சர்ச் கோபுரத்துல ஒரு பந்து மாட்டிருக்காம், உன்னுதான்னு பாரு!” ஒரே சிரிப்பு. “கேப்டன் பாவம், காசுகிட்ட தோத்தாரு. இவன் வெறும் காத்துகிட்டல்ல தோத்தான்!” பாதி முடி வெட்டியபடியே எழுந்து போய்விட்டான். நானோ, அவன் இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வெட்டிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

லுக்ரேசியா சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தாள். எத்செல் அரூபா தீவுக்குப் போகிறானாம், அங்கே வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். இனி பந்தே தொடமாட்டானாம். “ஒரு பந்துக்காக ஒருத்தன் ஊரை விட்டே போவானா?” என்றாள். சோளக்களியும் மீனும் வைத்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். என் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“பூன்னு சொன்னது போகட்டும்யா. வாய் தவறும். வந்து மாத்திச் சொன்னியே, அது எதுக்கு?”

எதுக்கு? “அவங்க முகத்தைப் பாத்தப்போ பயந்துட்டேன். வேற என்னத்தைச் சொல்ல,” என்றேன்.

“அப்போ இன்னும் ஏன் இங்கயே உக்காந்திருக்க?”

ஏப்ரல் 10, புதன்

வேலை முடிந்து எத்செல் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றே சொன்னேன். அவன் கையில் ஒரு சட்டை. அதை மடித்து முடிக்கும் வரை நிமிரவில்லை.

“நான் அந்த கோலைப் போட்டிருந்தா காசே சுண்டிருக்க மாட்டாங்களே,” என்றான்.

“அது ஆட்டத்துல நடக்கிறதுடா. நான் செஞ்சது வேற.”

“பசங்ககிட்ட சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“ஊர்ல?”

“சொல்லுவேன்.”

“சொல்லிட்டு வா, பேசலாம்.” கதவைச் சாத்தினான்.

ஏப்ரல் 11, பெரிய வியாழன்

சொல்லிவிட்டேன். பயிற்சி தொடங்கும் முன், எல்லோரும் பூட்ஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது. ஒருவன் சிரித்தான், நான் விளையாடுவதாக நினைத்து. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இகினியோதான் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“பூவோ தலையோ, அது உன் வாய். தோத்துட்டோம், சரி. ஆனா விமானத்துல ராத்திரி முழுக்க உன் தலையை என் தோள்ல சாச்சி வச்சிருந்தேனேடா. நான் பிடிச்ச பெனால்டி வீணாப் போச்சேன்னுகூட அழல. உன்னை நினைச்சு அழுதேன்.”

கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கேப்டன் கைப்பட்டையைப் பெஞ்சில் வைத்தேன். யாரும் அதை எடுக்கவில்லை. எனக்குத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

ஏப்ரல் 13, சனி

முடிவெட்டும் கடைக்குப் போனேன். வெட்ட முடியே இல்லை, சும்மாதான் போனேன். பெஞ்சில் அதே ஆட்கள். அவர்களிடமும் சொன்னேன். மாலைக்குள் ஊர் நடுவிலுள்ள பாலத்துக்கு இந்தக் கரை, அந்தக் கரை, எல்லா இடத்துக்கும் செய்தி போயிருந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஆலைக் கதவில் யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: “ஒனாரியோ, உன் பெண்டாட்டி பேர் என்ன? யோசிச்சுச் சொல்லு.” நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது, கொஞ்சம்.

பயிற்சியில் இகினியோ பட்டை அணிந்திருந்தான். என் பெயரைச் சொல்லவில்லை. “நீ, அந்தப் பக்கம் நில்லு,” என்றான். நின்றேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

அரூபா கப்பல் இன்று காலை போயிற்று. துறைக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 20, சனி

ஆறு மணி ஆலை பஸ். ஒரு வாரமாக என் பக்கத்து இருக்கை காலிதான், நின்றுகொண்டு வருபவர்கள்கூட உட்காருவதில்லை. பாலத்தருகே பஸ் நின்றது. எத்செல் ஏறினான், சாப்பாட்டு டப்பாவோடு. உள்ளே முழுதாக ஒரு முறை பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆலை வந்தது. இறங்கும்போது, “நாளைக்கு ஆட்டத்துக்கு எத்தனை மணிக்கு வரணும்?” என்றான்.

ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிதான். அவனுக்குத் தெரியும்.

“மூணு மணிக்கு,” என்றேன்.