உன் அம்மாவுக்குக் கேட்காமல் போன பேச்சு

அன்புள்ள மகள் மர்லூஸுக்கு,

நீ டி.வி.யில் வந்த அன்று மாலை உன் அம்மா உன் முகத்தைப் பார்த்தாள். நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை. டி.வி.யின் வாயை அடைத்து வைத்தவன் நான். இதை முதலில் சொல்லாமல் நலம் விசாரித்தால் அது ஒப்புக்கு எழுதியதாகிவிடும், அதனால் சொல்லிவிட்டேன். இனி கேட்கிறேன், நீயும் மாப்பிள்ளை ஹமிஷும் சுகமா? அவன் இடுப்பு வலி தேவலையா? இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், எனக்கு மட்டும் குளிர்கால இருமல் இன்னும் விடவில்லை. மழை நின்றபாடில்லை, புல்வெளியில் கால் வைத்தால் பூட்ஸ் உள்ளே போகிறது, அதனால் மாடுகள் எல்லோர் வீட்டிலும் இன்னும் கொட்டகைக்குள்தான். மாட்டு வியாபாரம் மந்தமில்லை, துள்ளலும் இல்லை. கம்பளி விலை உங்கள் பக்கம் ஏறும் என்று கேள்விப்பட்டேன், யாராவது முன்கூட்டியே பேசி முடிக்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடு, கையெழுத்து மட்டும் போடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லி மாட்டின் நொண்டியை மறைக்கிற ஆள் நான் இல்லை என்று ஊரில் பெயர் வாங்கியவன், உன்னிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும். போன இலையுதிர்காலத்தில் ஊர் முனையில் இருந்த நடனக் கூடத்தை மூடினார்கள் அல்லவா, அங்கே சாமான்களை விற்றபோது ஒரு ஹோம் தியேட்டர் செட்டை நான் அள்ளிக்கொண்டு வந்தேன். ஐந்து ஸ்பீக்கர், தரையில் வைக்கும் ஒரு கனத்த பெட்டி, நடுவில் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஆம்ப்ளிஃபையர். டி.வி.யில் பனிச்சறுக்கு ஓட்டப் போட்டி போட்டால் சறுக்குக் காலணியின் கத்தி பனியைக் கீறும் சத்தம் உன் இடது காதுக்குப் பின்னால் தொடங்கி வலது காதுக்குப் போகும். முதல் நாள் பக்கத்து வீட்டு டீனியும் அவள் புருஷனும் வந்து கேட்டுவிட்டு வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை மாட்டும்போது விற்ற ஆளே கூட வந்திருந்தான். அவன் அப்போதே என்னைப் பெயர் சொல்லி அழைத்துச் சொன்னான், "பேரெண்ட், டி.வி. வழியாவே சத்தத்தை இழுக்காதே, கேபிள் பாக்ஸுல இருந்து ஆம்ப்ளிஃபையருக்கு நேரா இன்னொரு கம்பி போடு. அப்பத்தான் டி.வி. ஸ்பீக்கரும் தனியா பேசும், இதுவும் பேசும்." நான் விடவில்லை. ஒரே சமயத்தில் இரண்டும் பேசினால் ஒன்று அரை நொடி பின்தங்கி, தேவாலயத்தில் பாதிரியார் பேசுவது போல எதிரொலிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு கம்பி வாங்க மனசு வரவில்லை என்பது உண்மையான காரணம். "ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு வாய்? எங்க வீட்டுல ஏற்கெனவே நான் இருக்கேன்," என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். பிறகு டி.வி.க்குள் போய் அதன் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபையர் விழித்திருந்தால்தான் எங்கள் வீட்டு டி.வி.க்குக் குரல். அதோடு விட்டேனா, யாரும் பொத்தானைத் தொடாமல் கொஞ்ச நேரம் போனால் ஆம்ப்ளிஃபையர் தானாகவே தூங்கிவிடும்படி வைத்தேன், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று. நம் ஊர்க்காரர்கள் இப்படித்தான், பெரிய சத்தத்தை வாங்கிவந்து சின்ன விளக்கை அணைத்து மிச்சம் பிடிப்போம்.

உன் அம்மா முதல் வாரமே கேட்டாள், "நான் தனியா இருக்கும்போது எதை அமுக்கணும்?" நான் சந்தையில் விலை சொல்கிற வேகத்தில் சொன்னேன், முதலில் இந்த ரிமோட், பிறகு அந்த ரிமோட், பிறகு இந்தக் குமிழைத் திருப்பிக்கொண்டே போ, 'டி.வி.' என்று எழுத்து வந்தால் நிறுத்து என்று. இரண்டாம் முறை கேட்டபோது டீனியின் எதிரிலேயே, "கன்னுக்குட்டிக்குக்கூட பால் வாளி எங்க இருக்குன்னு ரெண்டு தடவையில தெரிஞ்சுடும், ஹெர்மீன்," என்றேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கற்றுக்கொண்டாள் என்று நான் முடிவு கட்டினேன். என் தொழிலே வாய் பேசாத ஜீவன்களைப் பார்த்து என்ன குறை என்று சொல்வதுதான், பார்த்துக்கொள்.

குளிர்காலம் முழுக்க நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் இங்கிலாந்துத் துப்பறியும் தொடர்கள் பார்த்துக்கொண்டிருப்பாள். சத்தம் இருக்காது. நான் உள்ளே வரும் அரவம் கேட்டு டி.வி. சத்தத்தை நிறுத்தினாள்போல என்று நினைத்தேன். நம்ம மொழி நாடகமெல்லாம் அவளுக்கு எவ்வளவு பிடிக்கும், அதையெல்லாம் விட்டுவிட்டாளே என்று ஒருநாள், "என்ன, இங்கிலாந்துக்காரியா மாறிட்டியா?" என்று சீண்டினேன். அவள் தலையைத் திருப்பாமல், "அவங்கதான் எனக்கு எழுத்துல தெளிவா பேசுறாங்க," என்றாள். நான் சிரித்துக்கொண்டே போய்க் கை கழுவினேன். வெளிநாட்டு நிகழ்ச்சி என்றால் கீழே எழுத்து ஓடும், நம் மொழி நிகழ்ச்சிக்கு யாரும் எழுத்துப் போடமாட்டார்கள், அவளுக்கு அதை வரவழைக்கவும் தெரியாது. அந்தப் பதிலில் எல்லாமே இருந்தது, மர்லூஸ். நான்தான் கேட்கவில்லை.

நீ வரும் நாள் வந்தது. வெளிநாட்டில் குடியேறிய நம்மவர்களைப் பற்றி உன் பண்ணைக்கு வந்து படம் எடுத்துப் போனவர்களின் நிகழ்ச்சி என்று அம்மா காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. அன்று எனக்கு ஆல்டன் பக்கம் ஒரு பேரம், மந்தை முழுவதையும் விற்றுவிட்டு ஓய்வெடுக்கப் போகும் பண்ணைக்காரர். "இன்னிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டே ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டு, "எல்லாம் தயாரா இருக்கு, நீ உக்கார்ந்தா போதும்," என்று சொல்லிக் கிளம்பினேன். அவள் அதைத் தொடாமல், தொட்டால் கெட்டுவிடும் என்று, அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரும் தொடாததால் அது நான் சொல்லிவைத்தபடி தூங்கிவிட்டது. அடுத்து திரையில் உன் வீட்டு வாசல், உன் நாய், பிறகு நீ. உன் உதடு அசைகிறது, சத்தமில்லை. ரிமோட் ஒவ்வொன்றாக அமுக்கியிருக்கிறாள், ஒரு தடவை படமே போய்த் திரை நீலமாகிவிட்டது. எப்படியோ உன்னைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, இனி எதையாவது தொட்டால் முகமும் போய்விடுமோ என்று பயந்து, ரிமோட்டுகளை எல்லாம் தரையில் வைத்துவிட்டுக் கடைசிவரை உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நடுவில் எனக்குப் போன் செய்திருக்கிறாள். நான் பார்த்தேன், எடுக்கவில்லை. அந்தப் பண்ணைக்காரக் கிழவர் விலையில் இறங்கிவரும் நேரம், அப்போது போனை எடுத்தால் அவர் மனசு மாறிவிடும் என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. அவர் முற்றத்தில் நான் நின்றுகொண்டிருக்கும்போதுதான் உன் செய்தி வந்தது, "பாத்தீங்களா?" என்று. "ரெண்டு பேரும் பாத்தோம், பிரமாதம்," என்று நான் பதில் போட்டேன். நான் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மகள் கேட்டா, பாத்தோம்னு சொல்லிட்டேன்," என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைப் பொய்யனாக்க விரும்பவில்லை, அதனால்தான் மறுநாள் நீ அழைத்தபோது அந்த நீல ஸ்வெட்டர் உனக்கு எடுப்பாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நீ உடனே போனை வைத்துவிட்டாயாம். அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அழைப்பு வரவில்லை. நிகழ்ச்சியைக் கணினியில் மறுபடி பார்க்கலாமே என்று அம்மா என்னிடம் கேட்டாள், பார்க்கலாம் பார்க்கலாம் என்றேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு மாடு குறுக்கே வந்தது.

போன சனிக்கிழமை டீனியின் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லோருக்கும் கை கொடுத்து, ஆளுக்கொரு துண்டு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீனி காபி ஊற்றிக்கொண்டே வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள், "ஏ ஹெர்மீன், எப்ப கிளம்புற? மகள் நாடே பாக்குற மாதிரி கூப்பிட்டும் நீ இன்னும் இங்க உக்கார்ந்து கேக் தின்னுட்டிருக்க!" எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருஷன், "பேரெண்ட் விடமாட்டான்பா, அவனுக்குக் காபி பொடி எந்த டப்பாவுல இருக்குன்னே தெரியாது," என்றான். இன்னும் சிரிப்பு. டீனியின் தங்கை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அழுகையே வந்துடுச்சு, என் மகள் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நடந்தே போயிருப்பேன்," என்றாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் கோப்பையைப் பார்த்தேன். "பாக்கலாம், டீனி," என்று அம்மா சொல்லிவிட்டுக் கேக்கை முழுவதும் தின்று முடித்தாள், ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல். ஊருக்கே தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வேலிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள், "மகள் என்னை எங்க கூப்பிட்டா, பேரெண்ட்?" எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. யாரையும் ஏமாற்றாமல் பிழைத்தவன் நான், அந்த நொடியில் எனக்கு என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அப்போ அந்தப் பண்ணைக்காரர் வீட்டுல நீயும் பாக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்கு ஒரு வார்த்தைகூட கேக்கலைடா. இலையுதிர்காலத்துல இருந்தே எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றாள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை.

வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து பார்த்தோம். சொந்த ஊரை நினைத்தால் உனக்கு எதற்கு ஏக்கம் வருகிறது என்று பேட்டி எடுக்கும் பெண் கேட்கிறாள், நீ முதலில் பாலாடைக்கட்டி என்று சொல்லிச் சிரிக்கிறாய், பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் இரவெல்லாம் தனியாகக் கொட்டகையில் இருக்கும்போது அம்மா ஒருமுறை அந்தப் பருவம் முழுக்க வந்து கூட இருந்தால் போதும் என்று தோன்றும், கேட்டதே இல்லை, அப்பாவின் வியாபாரமும் வீடும் அம்மா இல்லாமல் நகராது, அம்மாவும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் தாங்காது என்று பயம் என்கிறாய். அம்மா மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்க் கழுவி வைத்திருந்த கோப்பைகளையே திரும்பக் கழுவினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அவ அவ்வளவு தூரம் கேட்டிருக்கா, நான் ஸ்வெட்டர் நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கேன்," என்றாள். மர்லூஸ், நீ அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அது அவள் பதில் இல்லை. நீ கேட்டதே அவளுக்குப் போய்ச் சேரவில்லை. உன் அழைப்பைத் தட்டியது அவள் என்று நினைக்காதே. நடுவில் நின்று தடுத்தவன் நான், வியாபாரத்தாலும் சரி, அந்தக் கருமாந்திரப் பெட்டியாலும் சரி.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அந்தக் கம்பியை வாங்கிவந்தேன். டி.வி.க்குப் பின்னால் தூசிக்குள் நான் குப்புறக் கிடக்க, அம்மா டார்ச் பிடித்தாள். "பசு கன்னு போடும்போதுகூட இவ்வளவு முக்கி நான் பாத்ததில்லை," என்றாள், அதைக் கேட்டுத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இப்போது கேபிள் பாக்ஸிலிருந்து படமும் சத்தமும் வழக்கமான கம்பியில் டி.வி.க்குப் போகின்றன, சத்தம் மட்டும் இன்னொரு கம்பியில் நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரைத் திரும்ப உயிர்ப்பித்துவிட்டேன். அம்மா ஒரே ரிமோட்டில் ஒரே பொத்தானை அமுக்கினால் டி.வி. பேசுகிறது, ஆம்ப்ளிஃபையர் தூங்கினாலும் செத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. எனக்குப் பெரிய சத்தம் வேண்டுமென்றால் டி.வி.யின் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், முடித்ததும் ஏற்றி வைக்க வேண்டும், மறந்தால் பேச்சு வாங்குவேன். அரை மணி வேலை, மர்லூஸ். ஒரு குளிர்காலம் முழுக்க நான் செய்யாமல் விட்ட அரை மணி வேலை.

உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், ஆடுகள் நலமாகப் பெருகட்டும், உன் கொட்டகையில் காற்று புகாமல் பலகை அடித்துக்கொள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாதான் உன்னை அழைப்பாள், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தது தெரிந்த பிறகுதான் அழைப்பேன் என்கிறாள், அதனால் கிடைத்ததும் ஒரு வரி போடு. போனில் அவள் பேசுவாள், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்று காலை காபி நேரத்தில் நாங்கள் பேசி முடித்தோம். நான் சும்மா விட்டுக்கொடுப்பவன் இல்லை என்று உனக்குத் தெரியும், ஒரு மாதம் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன், அவள் நாற்காலியைவிட்டு எழுந்தாள், நான் இறங்கிவந்துவிட்டேன். முடிவு இதுதான். உன் முதல் ஆடு குட்டி போடுவதற்கு முன் அம்மா அங்கே வந்துவிடுவாள், பயணச் செலவு முழுவதும் என்னுடையது. திரும்பும் தேதி போடாத சீட்டு, எப்போது வருவது என்பது அவள் இஷ்டம், நான் கேட்கக் கூடாது. காபி பொடி எந்த டப்பாவில் என்று கேட்டு அங்கே போன் செய்யக் கூடாது. இந்தக் கடிதத்தை நானே, ஒன்றையும் குறைக்காமல் எழுத வேண்டும். இவை அத்தனைக்கும் சரி என்று, சந்தையில் பேரம் முடிந்ததும் செய்வதுபோல அவள் உள்ளங்கையில் நான் அடித்தேன், அவள் என் உள்ளங்கையில் அடித்தாள், நன்றாகவே வலித்தது.

உன் அப்பா,
பேரெண்ட்